ஆன்லைன் கடை: முதலில் எல்லையைத் தீர்மானிப்போம்



நம் சங்கக் கூட்டங்களில் தராசு முத்திரை, கடை வாடகை, தொழில் வரி என்ற பேச்செல்லாம் இப்போது பின்னுக்குப் போய்விட்டது. "நாமும் ஆன்லைன் கடை ஆரம்பித்தால் என்ன?" என்ற கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார வந்தவர்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் பத்து நிமிடத்தில் பருப்பும் புளியும் வீட்டு வாசலுக்கு வருகிறது என்றால், அந்தப் பழக்கம் அரக்கோணம் வழியாக ரயில் ஏறி நம் ஊருக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும்? சோப்பும் ஷாம்பும் பார்சலில் வரவழைக்கும் வீடுகள் திருத்தணியிலேயே இருக்கின்றன. அந்த வீடுகளின் மாதச் சிட்டை மெலிந்துகொண்டே வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். சோப்பு போன வழியில் அரிசியும் போகும்.

ஆகவே ஆரம்பிக்கலாமா, வேண்டாமா என்று விவாதிக்க இதை எழுதவில்லை. ஆரம்பிக்கத்தான் வேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதில்தான் நமக்கும் பிள்ளைகளுக்கும் கருத்து வேறுபாடு. அவர்கள் செயலியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பெயர் என்ன, சின்னம் என்ன, என்ன கலர் என்று பேசுகிறார்கள். செயலி கடைசி வேலை என்பது நமது கருத்து. சரக்குப் பட்டியல், எடை, டெலிவரிக் கூலி, வரி ஆகியவை முன்னால் செய்ய வேண்டிய வேலைகள். அவற்றிலும் நம்மைப் போல் எல்லையோர ஊரில் கடை வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்பு தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் சரக்கு எதுவரை போகும் என்பதே அது.

மொத்த வியாபாரி தன் பிழைப்புக்காகச் சொல்கிறான் என்று சிலர் நினைக்கலாம். அது உண்மையும்தான். சில்லறைக் கடை படுத்தால் அடுத்த மாதம் எங்கள் கிடங்கும் படுக்கும். மெட்ரோ கேஷ் அண்ட் கேரியின் இந்திய வியாபாரத்தை ரிலையன்ஸ் ரீடெய்ல் 2023இல் கையில் எடுத்துக்கொண்டது. சில்லறைக் கடைக்காரருக்கு நேரடியாகச் சரக்கு இறக்க உடான் போன்ற செயலிகளும் வந்துவிட்டன. எங்களைத் தாண்டிப் போக வழி இருக்கிறது. நீங்களும் நாங்களும் ஒரே படகில் இருப்பதால்தான் பேசுகிறோம்.

இந்தத் தொழிலில் முன்னால் போனவர்கள் பட்டபாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் வெப்வான் என்றொரு கம்பெனி 1999இல் கலிபோர்னியாவில் மளிகையை வீட்டுக்கு அனுப்பும் வியாபாரத்தைத் தொடங்கியது. பணத்துக்குக் குறைவில்லை. பெரிய பெரிய தானியங்கிக் கிடங்குகள் கட்டினார்கள். முதல் ஊரில் லாபம் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அடுத்தடுத்த ஊர்களுக்குப் போனார்கள். 2001 ஜூலையில் திவால் ஆனது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆன செலவு அதில் கிடைத்த வரவை விழுங்கிவிட்டது.

அதே 1999இல் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்ற ஆன்லைன் கடையை நம்மவர்கள் சிலர் தொடங்கினார்கள். வி.எஸ். சுதாகர், ஹரி மேனன், விபுல் பாரெக், வி.எஸ். ரமேஷ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். அன்றைக்கு இன்டர்நெட் வைத்திருந்த வீடுகளே சொற்பம். அவர்கள் என்ன செய்தார்கள்? வீம்பு பிடித்து நிற்காமல் ஃபேப்மால் என்ற பெயரில் சாதாரண மளிகைக் கடைகளைத் திறந்தார்கள். கொள்முதல், இருப்பு, கழிவு, அழுகல் எல்லாம் அங்கே கற்றுக்கொண்டார்கள். அந்தக் கடைகள் பின்னர் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போயின. பிறகு 2011இல் மறுபடியும் ஆன்லைனுக்கு வந்தபோது தொடங்கியதுதான் பிக்பாஸ்கெட். 2021இல் அதன் பெரும்பான்மைப் பங்குகளை டாட்டா வாங்கியது. இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் மளிகை கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் செலவிட்டார்கள். நமக்கு மளிகை தெரியும். கம்ப்யூட்டர்தான் கற்க வேண்டும். இரண்டில் எது சுலபம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

ஒரு வீட்டம்மா கடைக்கு வந்து "பருப்பு ஒரு கிலோ" என்றால், பையன் கையை எந்த மூட்டையில் விட வேண்டும் என்று அவனுக்கே தெரியும். அந்த வீட்டுக்குச் சீக்கிரம் குழையும் பருப்பு, பக்கத்து வீட்டுக்கு விலை குறைந்த பருப்பு என்பதெல்லாம் அவன் தலையில் இருக்கிறது. ஆன்லைன் கடையில் பையன் தலை இல்லை. எழுத்துதான் இருக்கிறது. புளி என்றால் கொட்டை எடுத்ததா, எடுக்காததா? மிளகாய் குண்டா, நீட்டா? வெல்லம் மண்டையா, அச்சா? பூண்டு மலைப்பூண்டா, நாட்டுப்பூண்டா? அரிசி பச்சையா, புழுங்கலா, பழையதா, புதியதா? ஒவ்வொன்றையும் எழுதி, எடை எழுதி, நம் கடை மூட்டையிலிருந்தே படம் எடுத்துப் போட வேண்டும். வேறு எங்கிருந்தோ எடுத்த பளபளப்பான படத்தைப் போட்டுவிட்டு மங்கிய பருப்பை அனுப்பினால் அந்த வீடு அடுத்த மாதம் நமக்கு இல்லை.

நம் ஊரில் பட்டியல் ஒரு மொழியில் இருந்தால் போதாது. துவரம் பருப்பு என்று கேட்கும் வீடும் உண்டு, கந்திப்பப்பு என்று கேட்கும் வீடும் உண்டு. புளிக்குச் சிந்தபண்டு, வெல்லத்துக்குப் பெல்லம். நம் கடைப் பையன்கள் இரண்டு மொழியிலும் சரளமாகப் பேசுகிறார்கள். செல்போனில் "கந்திப்பப்பு" என்று தேடினால் "சரக்கு இல்லை" என்று காட்டும் கடையை நாம் காசு கொடுத்துச் செய்து வைப்பது என்ன புத்திசாலித்தனம்? சென்னையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவருக்கு இது தோன்றாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆயிரம் சரக்கையும் முதல் நாளே ஏற்ற வேண்டியதில்லை. மாதச் சிட்டை பத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருவது நூறு, நூற்றைம்பது சரக்குதான். அந்த நூறை எழுதினால் போதும். ஆனால் அந்த நூறின் இருப்பும் விலையும் ஒவ்வொரு நாள் காலையும் சரியாக இருக்க வேண்டும். பூண்டு, வெங்காயம், எண்ணெய் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நேற்றைய விலையில் இன்று ஆர்டர் விழுந்தால் நஷ்டம் நமக்கு. இல்லாத சரக்குக்கு ஆர்டர் எடுத்துவிட்டு "வேறு கம்பெனி அனுப்பட்டுமா?" என்று போன் போட்டால் பெயர் போகும். கடை திறந்ததும் விலைப் பலகை எழுதுவதுபோல, யார் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து இதைத் திருத்துவது என்று ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அந்த ஆள் கிடைக்காத கடை இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அடுத்தது கணக்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரு 1,000 ரூபாய் ஆர்டரை வைத்து அளந்து பார்ப்போம். அதில் அரிசி, சர்க்கரை, எண்ணெய் 600 ரூபாய் என்று வையுங்கள். நூற்றுக்கு 4 நின்றால் 24 ரூபாய். மசாலா, சோப்பு, பிஸ்கட் வகை 400 ரூபாய். நூற்றுக்கு 10 என்றால் 40 ரூபாய். மொத்தம் 64 ரூபாய். டெலிவரிப் பையனுக்கு நாள் கூலி 500, பெட்ரோல் 150 என்று வைத்தால் 650. அவன் நாளைக்குப் பத்து ஆர்டர் கொண்டுபோனால் ஆர்டருக்கு 65 ரூபாய் செலவு. பை, டேப், பில் தாளுக்கு 6 ரூபாய். ஆக 7 ரூபாய் கையைக் கடிக்கிறது. இருபது ஆர்டர் என்றால் ஒன்றுக்கு 25 ரூபாய் 50 பைசா நிற்கிறது. முப்பது என்றால் 36 ரூபாய் சொச்சம். அதிலிருந்துதான் கடை வாடகையும் மின்சாரமும்.

இதே கணக்கை 300 ரூபாய் ஆர்டருக்குப் போட்டால் லாபமே 19 ரூபாய் 20 பைசாதான். இருபது ஆர்டர் போனாலும் ஒவ்வொன்றிலும் 19 ரூபாய்க்கு மேல் நட்டம். ஆகவே இத்தனை ரூபாய்க்குக் கீழே இலவச டெலிவரி இல்லை என்று முதல் நாளே அறிவிக்க வேண்டும். கொஞ்சநாள் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு கூலி கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பத்து நிமிடக்காரர்களோடு ஓட்டப் பந்தயம் நமக்கு எதற்கு? காலை 11 மணிக்குள் வந்த ஆர்டர் பகல் 1 மணிக்குள், மாலை 4 மணிக்குள் வந்தது 6 மணிக்குள் என்று இரண்டு நடை வையுங்கள். ஒரு நடையில் ஒரு பக்கத்துத் தெருக்களை முடித்துவிட்டு வரலாம். பையனும் பதறி வண்டி ஓட்டி எங்கேயாவது விழ வேண்டாம். ஆடிக் கிருத்திகை நாட்களிலும் டிசம்பர் 31 படித் திருவிழா இரவிலும் ம.பொ.சி. சாலையில் சைக்கிள்கூட நகராது. அந்த நாட்களில் டெலிவரி இல்லை என்று ஒரு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். இந்த நாள்காட்டி வெளியூர்க் கம்பெனியிடம் இருக்காது. நம்மிடம் இருக்கிறது.

இப்போது தலைப்பில் சொன்ன எல்லைக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. நடத்திய போராட்டங்களுக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தது. வாடிக்கை இரண்டு பக்கமும் நின்றது. நகரியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் இன்றும் சாமி கும்பிட வருகிறார்கள், கல்யாணச் சாமான் வாங்கிப் போகிறார்கள். கடைக்கு வந்து ரொக்கம் கொடுத்து வாங்கி, பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற வரையில் நமக்கு எந்தச் சிக்கலும் இல்லை. முகவரி எழுதாத அந்தச் சில்லறை பில் உள்ளூர் விற்பனைதான்.

ஆன்லைன் கடை வந்தால் கதை மாறுகிறது. நகரிக்காரர் செல்போனில் ஆர்டர் போட்டு, நம் பையன் வண்டியில் கொண்டுபோய் அவர் வீட்டில் இறக்கினால், ஜி.எஸ்.டி. சட்டப்படி அது வெளிமாநில விற்பனை. சரக்கு எங்கே போய் முடிகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் கணக்கு. வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தே ஆக வேண்டும். 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்று சில்லறை வணிகருக்கு இருக்கும் சலுகை அங்கே செல்லாது. காம்போசிஷன் முறையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். அவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. ஒரு சோப்புக்கட்டி வண்டியில் எல்லை தாண்டினாலும் அந்தச் சலுகைக்கு ஆபத்து.

2023 அக்டோபர் 1 முதல் சிறு வணிகர்களுக்கு ஒரு நல்ல மாற்றம் வந்தது. அதுவரை பெரிய ஆன்லைன் சந்தைகள் வழியாக விற்க வேண்டுமென்றால் விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். அந்தத் தேதி முதல் வரம்புக்கு உட்பட்ட சிறு வணிகரும் காம்போசிஷன் வணிகரும் அவற்றின் மூலம் விற்கலாம் என்று ஆனது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. முக்கியமான நிபந்தனை, விற்பனை மாநிலத்துக்குள் மட்டும்தான் என்பது. மதுரைக்காரருக்கும் சேலத்துக்காரருக்கும் இது பெரிய விஷயமே இல்லை. நம் நிலையைப் பாருங்கள். கன்னியாகுமரிக்குப் பார்சல் அனுப்பலாம். அரை மணி நேரத்தில் போகக்கூடிய நகரிக்கு அனுப்பக் கூடாது.

செயலி செய்து தருகிறோம் என்று வந்த ஒரு கம்பெனிக்காரர் எங்களிடம் வரைபடத்தில் திருத்தணியை நடுவில் வைத்து வட்டம் போட்டுக் காட்டினார். "இந்த வட்டத்துக்குள் எல்லாம் உங்கள் வாடிக்கை, சார்" என்றார். வட்டத்தின் வடக்குப் பக்கம் ஆந்திரா என்று சொன்னோம். அதனால் என்ன என்று கேட்டார். முன்பணம் மட்டும் சரியாகக் கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முழுப் பதிவு பெற்று மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் வெளிமாநில வரியைப் போட்டு பில் கொடுத்து அனுப்பலாம். மற்றவர்கள் டெலிவரியைத் தமிழ்நாட்டுப் பக்கத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். நகரி வாடிக்கைக்கு "ஆர்டர் போடுங்கள், பொட்டலம் கட்டி வைக்கிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். அவர் வந்து, பார்த்து, பணம் கொடுத்து எடுத்துப் போகட்டும். அவர் எப்படியும் கிருத்திகைக்கோ ரயிலுக்கோ ஊருக்குள் வருகிறவர்தான். கடையில் நின்று காத்திருக்கும் முக்கால் மணி நேரம் அவருக்கு மிச்சம். நமக்குப் பெட்ரோல் மிச்சம். உங்கள் கணக்கும் பில் முறையும் எப்படி என்று பார்த்து, ஆரம்பிக்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு கேட்டால் அவருக்கும் கஷ்டம்.

பாக்கெட் போடுவதிலும் வரி உண்டு. 2022 ஜூலை 18 முதல் அரிசி, பருப்பு, மாவு வகைகளை முன்கூட்டியே எடைபோட்டு, பெயர் ஒட்டி 25 கிலோ வரையிலான பாக்கெட்டாக விற்றால் 5 சதவீதம் வரி. மூட்டையிலிருந்து அளந்து சில்லறையாகக் கொடுத்தால் இல்லை. ஆன்லைன் கடைக்கு அழகாக இருக்கும் என்று நம் கடைப் பெயர் அச்சிட்ட பையில் நூறு கிலோ பருப்பைக் கட்டி அடுக்குபவர்கள் இதை யோசித்துக்கொண்டு கட்டவும். அப்படிக் கட்டினால் பாக்கெட்டின் மேல் எழுத வேண்டிய விவரங்களுக்கு எடையளவுச் சட்டத்தில் தனி விதிகள் இருக்கின்றன. பொட்டலச் சரக்கின் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது கட்டியவர் விவரம் ஆகியவை பாக்கெட்டில் மட்டுமல்ல, 2018 முதல் ஆன்லைன் பக்கத்திலும் காட்டப்பட வேண்டும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம். அது ஏற்கெனவே நம் பில்லில் இருக்க வேண்டியதுதான். 2024 நவம்பரில் ஆன்லைன் உணவு நிறுவனங்களைக் கூட்டி அந்த ஆணையம் ஒன்று சொன்னது. வாடிக்கையாளர் கையில் சேரும்போது சரக்கின் ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது 45 நாளாவது மீதி இருக்க வேண்டும் என்பது. கடையில் வந்து வாங்குபவர் தேதியைப் பார்த்து எடுத்துக்கொள்வார். செல்போனில் வாங்குபவர் நம்மை நம்பித்தான் வாங்குகிறார். பழைய சரக்கைத் தள்ளிவிடும் இடமாக ஆன்லைனை நினைக்கும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இதில் வராமல் இருப்பது மற்றவர்களுக்கு நல்லது.

2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளின்படி, நாமே சொந்தமாக நடத்தும் ஆன்லைன் கடையிலும் கடையின் முழுப் பெயர், முகவரி, குறை கேட்கும் ஆளின் பெயர் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டோம் என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உண்மையில் நம் கடைகளில் புகார் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். "புளியில் கொட்டை இருக்கு" என்று திருப்பிக் கொண்டுவந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்கிறோம். அந்த வழக்கத்தை அப்படியே எழுதிப் போட்டால் போதும்.

சொந்தக் கடையா, பெரிய சந்தையில் ஒரு மூலையா என்ற கேள்வி பலருக்கு இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் 1,000 ரூபாய்க்கு 64 ரூபாய்தான் நின்றது. சந்தைக்காரர் நூற்றுக்கு 5 எடுத்தாலே 50 போய்விடும். பதிவு பெற்ற வணிகராக இருந்தால் ஜி.எஸ்.டி.யில் அரை சதவீதமும் வருமான வரியில் 0.1 சதவீதமும் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். அது பிறகு நம் கணக்கில் வரவாகும் என்றாலும் அதுவரை ரொக்கம் அங்கே நிற்கிறது. அதிக லாபம் நிற்கும் சரக்கு, அதாவது சொந்தமாக அரைத்த மசாலா, ஊறுகாய் போன்றவை வைத்திருப்பவர்கள் அங்கே போவதில் தவறில்லை. சர்க்கரையும் எண்ணெயும் கொண்டுபோய் அங்கே விற்க முடியாது. அமேசான், பிளிப்கார்ட் மீது டெல்லி வணிகர் அமைப்பு கொடுத்த புகாரின்பேரில் 2020 ஜனவரியில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த வழக்குகள் அவர்கள் வேகத்தில் நடக்கட்டும். தீர்ப்பு வரட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

மத்திய அரசின் ஆதரவோடு வந்த ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலையமைப்பு பற்றியும் கேட்கிறார்கள். 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதனை முறையில் தொடங்கினார்கள். அவற்றில் நம் கோவையும் ஒன்று. கடைக்காரர் ஒரு விற்பனைச் செயலியில் பதிந்தால், வாங்குபவர் வேறு எந்தச் செயலியில் தேடினாலும் அந்தக் கடை தெரியும் என்பது ஏற்பாடு. எண்ணம் நல்ல எண்ணம். தொடக்கத்தில் கொடுத்த ஊக்கச் சலுகைகளைப் பின்னர் குறைத்தார்கள். சலுகைக்காக வந்த வாடிக்கை சலுகையோடு போகும் என்பது நமக்குப் புதிதல்ல. அகில இந்திய வணிகர் கூட்டமைப்பு 2021 மார்ச்சில் பாரத் இ-மார்க்கெட் என்று வணிகர்கள் பதிந்துகொள்ளும் செயலியை வெளியிட்டது. கமிஷன் கிடையாது என்றார்கள். நம் பக்கத்து மளிகைக்காரர் அன்றாடம் ஆர்டர் எடுக்கும் கடையாக அது இன்னும் வரக் காணோம். மேலே டெல்லியில் செய்து கீழே இறக்கினால் இப்படித்தான் ஆகிறது. தெருவிலிருந்து மேலே போக வேண்டும்.

எனவே முதல் மூன்று மாதம் செயலியே வேண்டாம் என்கிறோம். 2018 முதல் வணிகர்களுக்கென்று தனி வாட்ஸ்அப் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சரக்குப் படம், விலை போட்டுப் பட்டியல் வைக்க இடம் இருக்கிறது. நமக்கு மாதப் பற்று இருக்கும் முப்பது வீடுகள் போதும். அவர்களிடம் ஆர்டர் எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆர்டர், எந்தச் சரக்கு இல்லாமல் போனது, எத்தனை திரும்பி வந்தது, பையனுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைக் காட்டித்தான் பிறகு செயலிக்காரரிடம் பேச வேண்டும். வாடிக்கையாளர்களின் நம்பரையும் முகவரியையும் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்டது.

கடன் விஷயத்தில் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். ஆன்லைனில் எல்லாம் ரொக்கம் என்கிறார்கள். சம்பளத் தேதிக்குக் கொடுக்கும் வீடுகளுக்கு நாம் நோட்டை மூடினால், கையில் இருந்த ஒரே பலத்தையும் விட்டவர்கள் ஆவோம். எந்தப் பெரிய கம்பெனியும் நெசவாளர் வீட்டுக்குத் தறி ஓடாத மாதத்தில் அரிசி தராது. பழைய பற்று வீடுகளுக்குப் பற்று தொடரட்டும், புது ஆளுக்கு ரொக்கம்.

புது ஆள் என்றதும் ஒரு எச்சரிக்கை. ராணுவ முகாமுக்கு வேண்டும் என்று பெரிய ஆர்டர் கொடுத்து, பணம் அனுப்புகிறோம் என்று கியூஆர் கோடு அனுப்பி ஏமாற்றும் கும்பல் நாடு முழுவதும் இருக்கிறது. பணம் வாங்குவதற்கு நாம் எந்தக் கோடையும் ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணைப் போடவோ வேண்டியதில்லை. பணம் கட்டியதாக வரும் படத்தையும் நம்ப வேண்டாம். நம் வங்கிக் கணக்கில் வரவு வந்ததைப் பார்த்த பிறகு சரக்கு இறங்கட்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். அந்த எண்ணைப் பெட்டியடியில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஒரு கடைக்கு நாளைக்கு முப்பது ஆர்டர் கிடைப்பது கஷ்டம். ஐந்து கடை சேர்ந்தால் கிடைக்கும். டெலிவரிப் பையன்களைப் பொதுவில் வைக்கலாம். இரு மொழிச் சரக்குப் பட்டியலை ஒரு தடவை பொதுவில் செய்துகொள்ளலாம். ஆனால் விலையைச் சங்கம் தீர்மானிக்கக் கூடாது. போட்டியாளர்கள் கூடி விலை பேசுவதை 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. அவரவர் விலை அவரவருக்கு. யார் கடை முதலில் தெரிவது என்ற சண்டை நிச்சயம் வரும். தெருவாரியாக, அருகில் உள்ள கடை முதலில் என்று இப்போதே எழுதி வைத்துவிட்டால் பாதி மனக்கசப்பு குறையும். இதை எதிர்ப்பவர்கள் வேறு முறை சொல்லட்டும், கேட்கத் தயாராக இருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வெறும் கையோடு வராமல், கடைசி மாதப் பற்றுச் சிட்டைகளில் பத்தும், அதிகம் ஓடும் நூறு சரக்கின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய தாளும் கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். எழுத வேண்டிய வேலை அவர்களுக்கு, ரகம் சொல்ல வேண்டிய வேலை நமக்கு.